இடது பக்கம் விழுந்த ஹெலிகாப்டர்

ஒரு நல்ல மனுஷனை நான் கடைத்தெருவில் நிறுத்தி, பத்துப் பேர் பார்க்க, ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஏமாற்றவில்லை. அவர் கொடுத்த சாமானிலும் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே போகும்போது, என் சுபாவப்படி, நியாயம் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் சாய ஆரம்பித்துவிடும்.

ஆரணியில் எனக்கு நாலு பவர்லூம் தறி. வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஷெட் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் தொழில் பார்க்கிறேன். தறிகள் நாலும் இடது கைப் பக்கம். வலது கைப் பக்கம் சந்து. வியாபாரிகள் போன் செய்தால் வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டு பேசுவேன். தறி ஓடும்போது உள்ளே ஒருவரோடு ஒருவர் பேசுவது காதால் நடக்காது, உதட்டைப் பார்த்துத்தான் நடக்கும். என்னிடம் வேலை செய்யும் ஒருவர் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வார்: "இந்த ஷெட்ல ரகசியம் பேசணும்னா வாயை மூடிகினு பேசு."

இத்தனை சத்தத்தில் உட்கார்ந்திருந்தாலும் என் காதுக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் இருந்தது. தறியில் குறுக்கே நூலோடு ஓடும் நாடா ஒரு மயிரிழை தப்பி அடித்தால்கூட ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் "மூணாவது தறியைப் பாரு" என்பேன். போய்ப் பார்த்தால் மூன்றாவது தறிதான். வேறு ஷெட்காரர்கள்கூட வந்து, "ஏகாம்பரம், கொஞ்சம் வந்து கேட்டுட்டுப் போ, எதுவோ சரியில்ல" என்று அழைத்துப் போவார்கள். டாக்டரைக் கூட்டிப்போவது போலப் போவேன். இப்படிப்பட்ட ஒருவனுக்கு வீட்டு டிவியில் வசனம் புரியவில்லை என்றால் குற்றம் யாருடையது? டிவியுடையதுதான்.

பெரிய டிவிதான் அது. படம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் பேசுவது மட்டும் வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவது போல இருக்கும். இந்தக் காலத்து நடிகர்கள் எல்லாம் முணுமுணுக்கிறார்கள் என்பது என் முடிவு. அதிலும் டப்பிங் படம் என்றால் ஒரு வார்த்தை விளங்காது. டப்பிங் செய்கிறவர்கள் அரைகுறையாகச் செய்கிறார்கள் என்று நான் பலரிடம் விளக்கியிருக்கிறேன். (கேட்டவர்கள் எல்லாரும் பெரிய மனசுக்காரர்கள், மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.) சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றித்தான் பார்ப்பேன். என் மனைவி வசந்தி ஒருநாள் சொன்னாள்:

"எதிர்வூட்டுல டிவி ரிப்பேராம். இப்போதைக்குப் பண்ண வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

"ஏன்?"

"நம்மளுதே கேக்குதாம்."

அப்போதுதான் முடிவு செய்தேன். ஹாலில் நாலு மூலையிலிருந்தும் சத்தம் வருகிற மாதிரி, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கரும், அதிர்கிற சத்தத்துக்கென்று ஒரு வூஃபரும் உள்ள சரவுண்ட் செட்டை வாங்கிவிடுவது. வசனம் நாலு பக்கமும் வந்தால் ஏதாவது ஒரு பக்கமாவது புரியாமலா போகும்?

கரீம் பாய் வேலூரில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவர். அந்த வருஷம்தான் அங்கிருந்து விலகி, ஆரணியில் சொந்தமாகக் கடை போட்டிருந்தார். பொருள் விற்கிற ஆளைவிட, வேண்டாத பொருளை வேண்டாம் என்று சொல்கிற ஆள். என்னைப் பார்த்ததும் நீளமாக, பலகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

"அண்ணே, உங்க ஹாலுக்கு இந்த சவுண்ட்பார் போதும். பேசறது தெளிவா இருக்கும். தேவையில்லாம பேஜார் பண்ணிக்காதீங்க."

"பாய், தறிக்காரன் காது இது. பலகையில அடங்காது."

"காது எல்லாருக்கும் ரெண்டுதானேண்ணே."

(அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கே பொருந்தாது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.)

நான் கேட்டது சரவுண்ட் செட். இரண்டு வகை இருந்தன. பாய் ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டினார். அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தார். "ரெண்டு நிமிஷம் உக்காந்து, கண்ணை மூடிகினு கேளுங்க" என்றார். நான் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நின்றேன்.

"செருப்பை இன்னாத்துக்குக் கழட்டறீங்க?"

"அப்பதான் பாய் தெரியும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குமே அது ஏன் என்று தெரியாது. நல்ல சத்தத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று உடம்பு சொன்னது. முதல் செட்டில் தரை சும்மா இருந்தது. இரண்டாவது செட்டின் வூஃபர் அரிசி டிரம் அளவு இருந்தது; அது முழங்கியதும் உள்ளங்காலில் குறுகுறுவென்று ஏறியது. "இதுதான்" என்றேன். ஆரணியிலேயே பாதத்தால் ஸ்பீக்கர் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

அன்றைக்கு மத்தியானமே பாய் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். வீட்டில் நான் மட்டும்தான். வசந்தி அம்மா வீட்டுக்கு, தேவிகாபுரத்துக்கு ஒரு வாரம் போயிருந்தாள். மகள் பவித்ரா வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஹாலில் டிவியைப் பார்த்து சோபாவில் உட்கார்ந்தால் இடது பக்கம் சமையல்கட்டு, வலது பக்கம் தெரு ஜன்னல். ஜன்னல் பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு, சமையல்கட்டுப் பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு, நடுவில் ஒன்று. பாய் கிளம்பும்போது ஒரு பென்டிரைவ் கொடுத்தார். அதில் ஒரு ஹெலிகாப்டர் இருந்தது. படத்தில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. சத்தம் மட்டும் ஹாலை ஒரு சுற்று சுற்றி வரும். செட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதுதான் பரீட்சை.

போட்டேன். ஹெலிகாப்டர் ஜன்னல் பக்கம் கிளம்பி, என் முதுகுக்குப் பின்னால் வந்து, சமையல்கட்டுப் பக்கம் திரும்பியதும் தேய்ந்து போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஜன்னல் பக்கம் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் காணாமல் போனது. ஆறு தடவை போட்டேன். ஆறு ஹெலிகாப்டரும் எங்கள் சமையல்கட்டுப் பக்கம் போய் விழுந்தன. ஒன்று கூட முழுசாகச் சுற்றவில்லை.

மறுநாள் பாய் வந்தார். ஹாலில் நின்று கேட்டுவிட்டு, "நல்லா சுத்துதேண்ணே" என்றார்.

"சமையல்கட்டுப் பக்கம் செத்துப் போவுதே பாய்."

"எனக்குக் கேக்குதே."

"உங்களுக்குக் கேக்கும். வித்தவங்க நீங்க."

பாய் இடது பக்கத்து இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி வலது பக்கம் மாட்டி, வலது பக்கத்து இரண்டையும் இடது பக்கம் மாட்டினார். இப்போதும் எனக்கு இடது பக்கம்தான் அடைத்திருந்தது. "அப்படின்னா ஸ்பீக்கர்ல குறையில்ல, வயர்ல" என்றேன் நான், நீதிபதி மாதிரி. பாய் வயரை மாற்றினார். அதற்கடுத்த நாள் ஆம்ப்ளிஃபயரையே மாற்றிப் புதிது கொண்டுவந்தார். அதற்கும் மறுநாள் மொத்த செட்டையும் எடுத்துப்போய் வேறு பெட்டி பிரித்துக் கொடுத்தார். ஹெலிகாப்டர் அதே இடத்தில் விழுந்தது. நாலாவது நாள் பாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து, சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்துவிட்டு மறுபடி கேட்டார்.

"அண்ணே, அல்லா மேல ஆணையா எனக்குக் கேக்குது."

எனக்கு அங்கேதான் கோபம் ஏறியது. பழுதை மறைக்க ஆணை வேறு இடுகிறாரே என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் நாடா சத்தத்தில் மயிரிழை பிசகைக் கண்டுபிடித்தவனிடமேவா?

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடைக்குப் போனேன். கூட்டம் இருக்கிற நேரம் என்று தெரிந்துதான் போனேன். பாய் ஒரு தம்பதிக்கு ஃப்ரிட்ஜ் காட்டிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற குடும்பம், சீர் சாமான் மொத்தமும் அங்கேயே எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் வாசல் படியில் நின்றேன்.

"பாய், செட் மாத்தி செட் மாத்தி அதே ஓட்டை சாமானைத்தான் கொண்டாந்து வைக்கிறீங்க. வேலூர்ல தள்ளினதையெல்லாம் ஆரணியில தள்ளிகினு இருக்கீங்களா? இது ஏமாத்து வேலை. நீங்க ஏமாத்துக்காரரு."

மெதுவாகத்தான் சொன்னதாக நினைவு. பக்கத்துப் பாத்திரக் கடையிலிருந்தும், எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள் என்றால் அவ்வளவு மெதுவாக இருந்திருக்காது. அந்தத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பால வர்றோம் பாய்" என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார்கள். அந்தம்மா சாத்திய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தொட்டதற்கு மன்னிப்புக் கேட்பது போல மெல்லச் சாத்தினார்.

கரீம் பாய் கத்தவில்லை. கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏகாம்பரண்ணே, கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆவல. இந்த வார்த்தை இந்தத் தெருவுல நின்னுடுச்சின்னா நான் இங்க ஒக்கார முடியாது" என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்: "அமாவாசை அன்னிக்கு நான் வர்றேன். உங்களுக்கு இஷ்டப்பட்ட நாலு பேரை நீங்களே ஒக்கார வைங்க. நாலு பேருக்கும் கேக்கலன்னா நான் போர்டைக் கழட்டிகினு வேலூருக்கே போயிடறேன். கேட்டுச்சின்னா, நீங்க இதே படியில வந்து நின்னு சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன். அமாவாசை என்று அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. கைத்தறி, பவர்லூம் எல்லாம் நிற்கும். தெரு அமைதியாக இருப்பது மாசத்தில் அந்த ஒரு நாள்தான். யாரும் பக்கத்துச் சத்தத்தின் மேல் பழி போட முடியாது.

வசந்தி ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு வருவதற்குள் மூன்று பேர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எந்தப் பக்கம் கேக்கலன்னு சண்டை போட்டீங்க?"

"சமையல்கட்டுப் பக்கம்."

"சோபாவுல உக்காந்தா இடது பக்கம்."

"ஆமா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஹெலிகாப்டரைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "சரி, அமாவாசைக்கு வரட்டும். ஆளுங்களை நான் கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் பக்கம் நிற்கிறாள் என்று எனக்கு ஒரே தைரியம்.

அமாவாசை அன்று காலை பதினோரு மணிக்கு எங்கள் ஹாலில் நாலு சாட்சிகள். வியாபாரிகள் சங்கச் செயலாளர் முனிரத்தினம் அண்ணன், கடைத்தெரு விவகாரம் என்பதால் வந்திருந்தார். அடுத்த தெரு தெரசா டீச்சர், ரிட்டயர் ஆனவர், சர்ச்சில் பாட்டுக் குழுவை இன்றும் நடத்துகிறவர். பின்வரிசையில் ஒரு பிள்ளை சுருதி விலகினால் திரும்பாமலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று பவித்ரா சொல்வாள். அந்த பவித்ராவும் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். நாலாவது வசந்தி. கரீம் பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கோர்ட்டில் நிற்பது போல டிவி பக்கத்தில் நின்றார்.

டீச்சர்தான் நடைமுறையைச் சொன்னார். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. சத்தம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் விரலை நீட்டிகினே வாங்க. பாய் நிறுத்தினதும் விரலை அசைக்காம கண்ணைத் திறங்க. தம்பி, நீங்களும்தான்."

பாய் போட்டார். ஹெலிகாப்டர் கிளம்பியது. நானும் விரலை நீட்டினேன். ஜன்னல் பக்கம் வந்தது, பின்னால் போனது, தேய்ந்தது. அப்புறம் லேசாக ஜன்னல் பக்கமே கேட்ட மாதிரி இருந்தது. பாய் நிறுத்தினார். கண்ணைத் திறந்தேன்.

நாலு விரல் சமையல்கட்டைக் காட்டிக்கொண்டிருந்தன. என் விரல் மட்டும் ஜன்னலைக் காட்டியது.

"நாலு பேரும் சேர்ந்துகினு பேசி வெச்சிருக்கீங்க" என்றேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

முனிரத்தினம் அண்ணன், "நான் இப்பதான்யா உள்ளே வந்து செருப்பைக் கழட்டினேன்" என்றார்.

தெரசா டீச்சர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "தம்பி, எழுந்து திரும்பி உக்காருங்க. டிவிக்கு முதுகைக் காட்டிகினு."

எழுந்து, சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு வயசு ஆள் அப்படி உட்கார்ந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாய் மறுபடி போட்டார்.

இப்போது ஹெலிகாப்டர் சமையல்கட்டில் கணீரென்று கேட்டது. இத்தனை நாள் விழுந்து கிடந்த இடத்திலேயே உயிரோடு இருந்தது. அப்படியே சுற்றி ஜன்னல் பக்கம் போனதும் தேய்ந்தது.

நான் ஒரு தடவை டிவியைப் பார்த்தேன். ஒரு தடவை வாசலைப் பார்த்தேன். ஸ்பீக்கர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பழுது மட்டும் என்னோடு சேர்ந்து திரும்பிவிட்டது.

பவித்ராதான் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். வசந்தி சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு வருஷமா உங்களுக்கு வலது பக்கமாத்தான் நடந்து வர்றேன். பவித்ராவும் அப்படித்தான். கல்யாணத்துல பந்தியில உங்களுக்கு இடது பக்கம் யாரையும் உக்கார வெக்க மாட்டோம். அவங்க கேக்கறதுக்கு நீங்க பதில் சொல்லலன்னா கோச்சிப்பாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன். எந்தப் பக்கம் நின்னு சொன்னேன்னுதான் ஞாபகம் இல்ல."

அதற்குப் பிறகு முனிரத்தினம் அண்ணன் சிரித்ததை அடுத்த வீட்டில் கேட்டிருப்பார்கள். அன்று அமாவாசை வேறு.

பவித்ராவுக்கும் தைரியம் வந்துவிட்டது. "ப்பா, நீ வாயைப் பாத்துதான் புரிஞ்சிக்கிற. அதான் டப்பிங் படம் உனக்குப் புரியல. வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு சொல்லுது." ஊரெல்லாம் டப்பிங்காரர்களைத் திட்டியதற்குக் கணக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு வேலூரில் காது டாக்டர் மிச்சத்தையும் சொன்னார். தறியின் பிசகை நான் காதால் கண்டுபிடிக்கவில்லையாம். ஸ்டூலில் வெறுங்காலோடு உட்காருகிறேன் இல்லையா, தரை அதிர்வது பாதத்துக்குத் தெரிகிறது. என் பெயர், புகழ் எல்லாம் காலில் இருந்திருக்கிறது.

ஆனால் டாக்டருக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. கரீம் பாய் டிவி பக்கத்திலேயே நின்றிருந்தார். ஜெயித்த முகம் இல்லை. ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"விடுங்கண்ணே. உடம்புக் குறைக்கு யார் இன்னா பண்றது. படிக்கெல்லாம் வர வேணாம்" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் அவர் திறந்துவிட்ட அந்த வழியில் ஓடிவிடலாமா என்று இருந்தது. காது கேட்கவில்லை என்று நாலு பேரிடம் சொல்வதே கஷ்டம், தெருவுக்கே சொல்வதா? ஷெட்காரர்கள் இனி என்னைக் கூப்பிடுவார்களா? வசந்தி என் வலது பக்கம் வந்து நின்றாள். "அந்த ஃப்ரிட்ஜு வாங்க வந்தவங்க எந்த ஊரு பாய்?" என்று கேட்டாள். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "தேசூர் பக்கம். அப்பறம் வரல" என்றார்.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அதே படி. பாத்திரக் கடை, மருந்துக் கடை எல்லாம் திறந்திருந்தன. "பாய் கொடுத்த செட் நல்ல செட். எனக்குத்தான் இடது காது கேக்கல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். பக்கத்தில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்குக் கேட்கிற மாதிரி அடக்கமாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. தெருக் கோடியில் இளநீர் விற்றவர் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாய் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "போதும்ண்ணே, காந்தி ரோடு வரைக்கும் போயிடுச்சி" என்றார். அடுத்த வாரம் அவரே தன் வண்டியில் என்னை வேலூருக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார். முனிரத்தினம் அண்ணன் தேசூர் குடும்பத்துக்கு ஆள் சொல்லி அனுப்பி, அவர்கள் வந்து சீர் சாமான் எடுத்துப் போன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இப்போது இடது காதில் மிஷின். ஷெட்டுக்குள் போகிற எல்லாருக்கும் காதடைப்பான் உண்டு, போடாதவர்களுக்குத் தறி கிடையாது. செட் ஹாலிலேயே இருக்கிறது, டிவி சத்தம் பாதிக்கு மேல் ஏறுவதில்லை, எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை ரிப்பேர் செய்துகொண்டார்கள்.

கரீம் பாய் கடையில் மட்டும் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. யாராவது மிக்ஸி சத்தம் போடுகிறது, ஃபேன் காற்று வரவில்லை என்று வந்தால், சாமானைத் தொடுவதற்கு முன்னால் அவர் நாற்காலியைக் காட்டி, "அண்ணே, ஒரு தடவை திரும்பி உக்காந்து பாருங்க" என்பார். கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்கும் சொல்லிவிடுவார்கள், பெயரோடு.

வீட்டில் அதைவிட மோசம். போன மாசம் சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று சொன்னேன். வசந்தியும் பவித்ராவும் ஒரே குரலில், "திரும்பி உக்காருங்க" என்றார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.